பூட்டும் கறையானும்

பெண்ணாடத்துக்கு நான் புறப்பட்டது கோயில் பார்க்க. வழியில் விருத்தாசலத்தில் இறங்கியது ஊறுகாய் ஜாடி வாங்க. இரண்டாவது காரியம் வீட்டார் இட்ட உத்தரவு. ஆகையால் அதைத்தான் முதலில் முடித்தேன்.

விருத்தாசலத்துப் பீங்கானைப் பற்றி நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் நுழைந்த சிறு பட்டறையில் அப்போதுதான் சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லவை ஒரு பக்கம், கீறல் விட்டவை ஒரு பக்கம், உடைந்தவை ஒரு குவியல். குவியலைப் பார்த்து எனக்கு மனம் சங்கடப்பட்டது. பட்டறைக்காரர் முகத்திலோ ஒரு சலனமும் இல்லை.

"இதெல்லாம் நஷ்டம்தானே?" என்று கேட்டேன்.

"நஷ்டம் எப்படி ஸார்? இத்தனை உடையும் என்று கணக்குப் போட்டுத்தானே சூளையே வைக்கிறோம்! நீங்கள் வாங்கின ஜாடி விலையில் அதுவும் இருக்கிறது."

உடைந்த ஜாடிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டோமே என்ற வருத்தத்துடன் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினேன்.

பெண்ணாடம் சிறிய ஊர்தான். ஆனால் சைவ உலகத்தில் அதற்குள்ள பெருமை சிறிதல்ல. கலிக்கம்ப நாயனார் அந்த ஊர்க்காரர். அப்பர் சுவாமிகள் தோளில் சூலக் குறியும் இடபக் குறியும் பொறிக்கப் பெற்றது அங்கேதான். தூங்கானை மாடம் என்னும் கோயிலின் விமானத்தைச் சுற்றி வந்தால் பெரிய யானை ஒன்றின் முதுகைச் சுற்றி வருவது போலவே இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுகிறேன். இந்தக் கட்டுரை அன்று மாலை நான் தங்கியிருந்த வீட்டில் பிறந்தது.

என்னை அழைத்திருந்த பெரியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வயது எழுபத்தைந்துக்கு மேல். கூடத்தின் மூன்று சுவர்களிலும் கூரை வரை புத்தகங்கள். அலமாரிகள் இருந்தன; கதவுகள் இல்லை. கதவு வைத்து வந்த ஓர் அலமாரியிலும் கீல்கள் மாத்திரம் துருப்பிடித்துத் தொங்கின.

"கதவு என்னாயிற்று, ஐயா?" என்றேன்.

"கழற்றிக் கட்டில் பலகையாகப் போட்டுவிட்டேன், தம்பி. கதவு இருந்தால் பூட்டத் தோன்றும்" என்றார். பிறகு, "இது எந்த ஊர்? அச்சுத களப்பாளர் ஊர் அல்லவா?" என்று தொடங்கினார்.

அச்சுத களப்பாளர் கதை சைவர்களுக்குத் தெரிந்ததுதான். பெண்ணாடத்தில் வாழ்ந்த அவருக்குப் பிள்ளை இல்லை. தம் குருவாகிய சகலாகம பண்டிதரிடம் போய்க் குறை சொல்லிக்கொண்டார். பண்டிதர் தேவாரச் சுவடியை எடுத்துவைத்துப் பூசை செய்து, கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. களப்பாளரும் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போய்க் குளத்தில் நீராடி வழிபட்டார்கள். ஆண் குழந்தை பிறந்தது. சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டார்கள். அந்தக் குழந்தைதான் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான போதம் செய்த மெய்கண்டார். சுவடியைப் பிரித்துக் கொடுத்த சகலாகம பண்டிதரே பின்னால் அந்தப் பிள்ளைக்கு மாணாக்கராகி அருணந்தி சிவாசாரியார் என்று பெயர் பெற்றார்.

"கதையின் அற்புதத்தை விட்டுவிடுங்கள், தம்பி. சுவடி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. ஒருவன் கஷ்டம் என்று வந்தபோது பிரிக்க முடிந்தது. அதுதான் எனக்கு அற்புதம். அதே தேவாரம் அதற்கு இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கே கிடந்தது?"

சிதம்பரத்தில் கிடந்தது. திருமுறை கண்ட புராணம் சொல்லுகிற வரலாறு இது. தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன என்று நம்பியாண்டார் நம்பி மூலம் சோழ ராஜாவுக்குத் தெரிய வருகிறது. ராஜா போய்க் கேட்கிறார். பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்று பதில் வருகிறது. மூவரும் மண்ணுலகை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ராஜா சண்டைக்குப் போகவில்லை. மூவர் திருவுருவங்களையும் ஊர்வலமாக எடுத்து வந்து அறை வாசலில் நிறுத்தி, 'இதோ வந்துவிட்டார்கள்' என்றார். அறை திறந்தது. உள்ளே புற்று மூடியிருந்தது. எண்ணெயைச் சொரிந்து புற்றைக் கரைத்துப் பார்த்தால் பெரும் பகுதியைக் கறையான் தின்றிருந்தது. இன்று நாம் ஓதுகிற தேவாரம் அந்த மிச்சம்.

அறையைப் பூட்டியவர்கள் கெட்டவர்கள் அல்ல. பொல்லாத கைகளில் சுவடி சிக்கிவிடக் கூடாதே என்ற கவலையினால் பூட்டியிருக்கலாம். பூட்டும் உறுதியானதாகவே இருந்திருக்க வேண்டும். மனிதர் யாரும் உள்ளே போய்த் திருடியதாகப் புராணம் சொல்லவில்லை. பூட்டு மனிதரைத்தான் தடுத்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வெகு காலமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்குப் பதினைந்து வயது. ஊரின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு வாசகசாலை இருந்தது. மேஜை மேல் பத்திரிகைகள். புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி அலமாரியில். சாவிக் கொத்து பொறுப்பாளர் இடுப்பில். புத்தகத்தின் முதுகைக் கண்ணாடி வழியாகப் படித்துப் பெயர் சொன்னால், மனம் வந்தால், எடுத்துத் தருவார். 'மோகமுள்' கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது உனக்கு இல்லை" என்றார். பதிலுக்கு ஒரு மகானின் வாழ்க்கை வரலாறு கொடுத்தார். அதை நான் இன்று வரை படித்து முடிக்கவில்லை.

அவர் ஒரு மாதம் லீவில் போனார். பதிலுக்கு வந்த கடைநிலை ஊழியர் இளைஞர். வந்த அன்றே நான்கு அலமாரிகளையும் திறந்துவிட்டார். "நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு எது எங்கே இருக்கிறதென்று தெரியாது" என்றார். நூலகத் தத்துவம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. சோம்பல் என்றுகூடச் சொல்லலாம். எனக்கோ அந்த மாதம் சுவர்க்கம் திறந்தது. எடுத்த புத்தகம் பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் பக்கத்துப் புத்தகத்தை எடுக்கலாம் என்ற சுதந்திரத்தை அதுவரை நான் அறிந்ததில்லை. நான் தேடாத ஆசிரியர்கள்தான் எனக்குக் கிடைத்தார்கள். பின்னால் நான் கதை எழுத வந்ததற்கு அந்த ஒரு மாதமும் காரணம்.

'மோகமுள்'ளையும் எடுத்துப் போனேன். அது ஐப்பசி மாதம். இரவு பெய்த மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, பெட்டி மேல் வைத்திருந்த புத்தகம் நனைந்து ஊதிவிட்டது. பயத்தில் அதைத் திருப்பித் தரவே இல்லை. வாசகசாலைப் பக்கமே போகாமல் இரண்டு மாதம் ஒளிந்து திரிந்தேன். பிறகு கடைத்தெருவில் அந்த ஊழியர் என்னைப் பிடித்துவிட்டார்.

"நனைந்துபோயிற்று, அண்ணே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"போகட்டும், விடு. சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். உன் ஒரு புத்தகம் மட்டும் இல்லை, மொத்தம் ஏழு" என்றார். சற்று நின்று, "படித்தாயா?" என்று கேட்டார்.

படித்தேன் என்றேன். அவர் போய்விட்டார். பழைய பொறுப்பாளர் திரும்பி வந்ததும் அலமாரிகள் மறுபடி பூட்டப்பட்டன. அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளை குட்டி இருந்தது. புத்தகம் காணாமற் போனால் சம்பளம் போகும். யாரும் படிக்காவிட்டால் ஒன்றும் போகாது. அப்படி ஒரு ஏற்பாட்டில் வைத்தால் நீங்களும் நானும்கூடப் பூட்டித்தான் வைப்போம்.

சாமானிய மனிதர்களை இப்படி ஓர் ஏற்பாட்டில் மாட்டி வைப்பது சரியல்ல என்று கண்டு அதை மாற்ற ஆயுள் முழுவதும் பாடுபட்டவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். சீர்காழியில் 1892-ஆம் வருஷம் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவர் கணித ஆசிரியர். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் கணக்குப் போதித்தவர். சென்னை சர்வகலாசாலை ஒரு நூலகரைத் தேடியபோது, சம்பளம் கூடுதல் என்பதற்காக நண்பர்கள் தூண்ட, மனுப் போட்டார். நூலகத் தொழிலைப் பற்றி அவருக்கு அப்போது இருந்த ஞானம், பேட்டிக்கு முன் கலைக்களஞ்சியத்தில் புரட்டிப் பார்த்த ஒரு கட்டுரைதான். 1924 ஜனவரியில் வேலையில் அமர்ந்தார். சில நாளிலேயே, இந்தத் தனிமைச் சிறை எனக்கு வேண்டாம், வகுப்புக்கே திரும்பிவிடுகிறேன் என்று கெஞ்சிக்கொண்டு பழைய கல்லூரிக்கு ஓடினார். பிள்ளைகள் சூழ இருந்து பழகியவருக்கு ஆள் வராத புத்தக மண்டபம் தாங்கவில்லை. லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் அவர் கண்டது என்ன? புத்தகங்கள் திறந்த தட்டுகளில் இருந்தன. தொழிலாளியும் கடைக்காரரும் தாமே போய் எடுத்துப் புரட்டினார்கள். இங்கிலாந்திலும் இது சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் அங்கே புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஹெரிபோர்டு மாதா கோயிலில் அந்தச் சங்கிலிகளை இன்றைக்கும் பார்க்கலாம். சங்கிலி போன பிறகு தடுப்பு மேடை வந்தது. வாசகர் ஒரு பெரிய பலகையில் எண்ணைப் பார்த்து, புத்தகம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டு, ஜன்னல் வழியாகக் கேட்க வேண்டும். ரயில் டிக்கட்டு வாங்குவது போலத்தான். 1894-ல் லண்டனில் கிளார்க்கன்வெல் என்ற பகுதியின் நூலகர் ஜேம்ஸ் டஃப் பிரவுன், வாசகர்களைத் தட்டுகளின் அருகிலேயே விட்டுவிட்டார். சக நூலகர்கள் எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். புத்தகம் களவு போகும், கலைந்து போகும் என்றார்கள். ரங்கநாதன் போய் இறங்கியபோது அந்தக் கூச்சல் எழுந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

அங்கே ஒரு கடையில் குழந்தைகளின் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகளைக் கொண்டு ஒரு நேரம் வண்டி, ஒரு நேரம் பாலம் செய்கிறார்களே, புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாக்கிச் சேர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் வெளியான கோலன் பகுப்புமுறைக்கு விதை அதுதான். 1925-ல் கப்பலில் ஊர் திரும்பும்போது கப்பல் நூலகத்தையே அந்த முறைப்படி அடுக்கிப் பார்த்தாராம். நம்மில் பலர் கப்பலில் வாந்தி எடுப்போம்.

பகுப்புமுறையைப் பற்றி வல்லுநர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். என் மனத்தைத் தொடுவது வேறு. சென்னைக்கு வந்ததும் அவர் வாசகர்களைப் புத்தகத் தட்டுகளுக்கு நடுவில் விட்டார். விடுமுறை நாட்களிலும் நூலகத்தைத் திறந்து வைத்தார். எல்லாவற்றுக்கும் அடிப்படையான சூத்திரம் ஒன்று வேண்டும் என்று கணிதக்காரருக்கே உரிய பிடிவாதத்துடன் தவித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் போதித்த எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் ஒரு மாலை வந்து, இவர் தவிப்பைக் கேட்டு, குறும்பாகச் சிரித்து, புத்தகம் பயன்படுவதற்கு என்பதுதானே உன் முதல் விதி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவுதானா என்று நமக்குத் தோன்றும். இவ்வளவுதான். ஆனால் காப்பதற்கு என்று நினைத்த நூலகமும் பயன்படுத்துவதற்கு என்று நினைத்த நூலகமும் கட்டடத்தில், சாவியில், நேரத்தில், ஏன், நாற்காலியிலேகூட, வேறு வேறாகிவிடுகின்றன. மற்ற நான்கு விதிகளும் அந்த ஒன்றிலிருந்து கிளைத்தன: வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் பொழுது வீணாகக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஜீவன் என்பதை மறக்கக் கூடாது.

இந்த ஐந்து விதிகளை அவர் முதன்முதலாகப் பொது மேடையில் சொன்ன இடம் எது தெரியுமா? சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர். மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மகாநாட்டில், 1928 டிசம்பரில். அடுத்த வருஷம் அந்தக் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. கறையான் தின்ற சுவடி அறை இருந்த ஊரிலேயே, புத்தகம் பயன்படுவதற்கு என்ற பேச்சு எழுந்தது. பெண்ணாடத்தை ஒட்டி ஓடும் வெள்ளாறு கிழக்கே போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறதே, அதே பக்கம்.

அந்த டிசம்பருக்கு முந்தின மாதம் அவருக்கு என்ன நேர்ந்தது என்று அறிந்தால்தான் அந்தப் பேச்சின் கனம் புரியும். நவம்பரில், திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் குளத்தில் வழுக்கி விழுந்து அவர் மனைவி ருக்மிணி அம்மாள் இறந்து போனார். சிறு வயதிலிருந்தே பேச்சில் திக்கல் உள்ளவர் அவர். முயன்றுதான் அதை அடக்கியிருந்தார். அப்படிப்பட்டவர் அந்த நிலையில் மேடை ஏறிப் பேசினார். எப்படிப் பேசியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். நான் எழுத்தாளன்; இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதக் கை துடிக்கிறது. வேண்டாம்.

அந்தப் பேச்சு 1931-ல் புத்தகமாயிற்று. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கத்தில் மேலவாசல் கிராமத்தில், எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அறையைத் திறப்பது போதாது, அறையையே வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று துணிந்தவர் அவர். பெயர் கனகசபை என்று அமைந்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். சிதம்பரத்தின் கடனை அந்தப் பெயர் தீர்த்துவிட்டது போல. சேற்றிலும் மழையிலும் போகிற வண்டியில் புத்தகம் வைத்தால் நனையும், கிழியும், ஏதோ ஒரு திண்ணையில் தங்கிவிடும். நனைந்த புத்தகத்துக்கு யார் சம்பளத்தில் பிடிப்பது என்ற கேள்வி எழுந்திருந்தால் அந்த வண்டி தெருமுனை தாண்டியிருக்காது.

ரங்கநாதன் கெட்டிக்காரர் என்று நான் கருதுவது இங்கேதான். தனி மனிதரின் தைரியத்தை நம்பி நூலகம் நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1930-லேயே மாதிரி நூலகச் சட்டம் ஒன்றைத் தயாரித்துக் காசியில் நடந்த கல்வி மகாநாட்டில் வைத்தார். அது சட்டமாகப் பதினெட்டு வருஷம் பிடித்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்க அதில் வழி செய்தார்கள். அதாவது நூலகத்துக்குள் காலே வைக்காத வீட்டுக்காரரும் புத்தகத்துக்கு ஒரு பங்கு கொடுக்கிறார். பட்டறைக்காரர் சொன்ன கணக்குத்தான். உடையப் போகிற ஜாடியின் விலையை எல்லா ஜாடிகளின் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டால், சூளை வைப்பவர் கை நடுங்குவதில்லை.

சட்டம் வந்தும் பூட்டு எல்லா இடத்திலும் போய்விடவில்லை என்பதற்கு நானே சாட்சி. என் வாசகசாலை ஊழியரின் சம்பளத்தில் பிடித்தது சட்டம் வந்து பல வருஷங்களுக்குப் பின். 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தார்கள். மாளிகைகள்தான், பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆனால் ஏதோ ஒரு கிராமத்துக் கிளையில், கதவைத் திறந்துவிட்டால் கணக்கெடுப்பில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு நூலகரைத்தான் நான் நினைக்கிறேன். புதிது புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்று அவருக்கு உபதேசம் செய்பவர்கள், காணாமற் போகிற ஏழு புத்தகங்களை யார் கணக்கில் எழுதுவது என்பதையும் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும்.

ரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயைச் சென்னை சர்வகலாசாலைக்குக் கொடுத்து, இரண்டாவது மனைவி சாரதா அம்மாளின் பெயரையும் சேர்த்து நூலக இயலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார். 1972-ல் பெங்களூரில் காலமானார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஓடிப் போகப் பார்த்த மனிதர்!

மறு நாள் காலையில் பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன், நனைந்த 'மோகமுள்' உள்பட. கேட்டுவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாடத்திலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். அவர் வீட்டிலிருந்து புத்தகம் கொண்டு போனவர்களின் கணக்கு. திருப்பித் தந்தவர் பெயர் மேல் ஒரு கோடு. கோடு விழாத பெயர்களும் நிறைய இருந்தன. சிலர் இறந்துவிட்டார்களாம்.

"இவர்களிடம் கேட்பதில்லையா, ஐயா?"

"கேட்டால் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள், தம்பி."

சிவஞான சித்தியாருக்கு ஒரு பழைய உரைப் பதிப்பு அவர் தட்டில் இருந்தது. இரண்டு நாளாக அதன் மேல் எனக்குக் கண். அதைக் கவனித்திருப்பார் போலிருக்கிறது. எடுத்துக் கொடுத்து நோட்டையும் நீட்டினார். என் பெயரையும் தேதியையும் எழுதினேன். ரயிலில் ஜாடியை ஒரு மடியிலும் புத்தகத்தை ஒரு மடியிலும் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். ஜாடியில் மாவடு போட்டாயிற்று. புத்தகம் பாதிதான் ஆகியிருக்கிறது. நோட்டில் என் பெயர் மேல் இன்னும் கோடு விழவில்லை.